பூட்டிக் கிடந்தால் ஆளில்லை

மன்னார்
2017 தை 21

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. போன மாதம் போனில் இருமினீர்கள். மருந்து எடுத்தீர்களா என்று மூன்று தரம் கேட்கச் சொன்னார். நான் ஒரு தரம்தான் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் வேலை பற்றிப் பேச்செடுத்தால் "ஓம் ஓம், பிறகு பாப்பம்" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. அதனால் கடதாசியிலேயே கேட்கிறேன்.

நங்கூரம் நிலையத்தில் நான் சேர்ந்து நாலு மாதமாகிறது. இந்தியாவிலிருந்தும் வன்னியிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்களில் யாருக்குக் கல்வீடு என்று தெரிவு செய்கிற மென்பொருளை இப்போது பார்ப்பது நான்தான். 2011இல் கொழும்பில் இருந்து நீங்கள் எழுதிக் கொடுத்தது. நிலையத்துக் கந்தோரில் இன்னும் அதற்கு "சாந்தன்ர புரோகிராம்" என்றுதான் பெயர். முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் திறந்து பார்த்தேன்.

அண்ணா, தெரிவுப் பகுதி முழுவதும் ஒரே நீட்டு. இப்படி என்றால் அப்படி, அப்படியும் இல்லை என்றால் வேறொரு மாதிரி என்று உள்ளுக்குள் உள்ளாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் அகதி முகாமில் இருந்து கல்லூரிக்குப் போன காலத்தில் எங்களுக்கு இதை அளக்கக் கற்றுத் தந்தார்கள். பாதை பிரிகிற இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் வருவது சிக்கல் எண். பத்துக்குள் இருந்தால் ஒரு மனிதர் தலையில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். உங்களுடையது எண்பத்தேழு. பராமரிக்க முடியுமா என்று நூற்றுக்குப் புள்ளி போடுகிற இன்னோர் அளவும் உண்டு. அதில் நாலு புள்ளி வாங்கியிருக்கிறீர்கள்.

இதைக் குலைத்துச் சீராக எழுத வேண்டும். ஆனால் புதிய வரிகளை யாரும் சேர்க்கலாம், குலைத்து எழுதுவதானால் முதலில் எழுதியவரின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பொறுப்பாளர் லோறன்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், "உம்மட அண்ணரிட்ட ஒரு கடிதம் வாங்கித் தாரும் பிள்ளை. அவர் தரமாட்டார்." அவர் சொன்னது பொய் என்று காட்டுங்கள்.

கோபிக்காமல் பதில் எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி
ஜெனிஸ்ரா


பேர்கன், நோர்வே
2017 மாசி 19

அன்புத் தங்கச்சி,

இருமல் போய்விட்டது. அம்மாவிடம் மூன்று தரம் சொல்லு. அண்ணியும் சுகம். இங்கே மழை, அது ஒரு செய்தியே இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நலம் கேட்டு நாலு வரி, மிச்சமெல்லாம் என்னை நாறடித்து. எண்ணை வைத்து எழுத்தை அளக்க வெளிக்கிட்டால் இப்படித்தான் வரும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கிற ஐம்பது "என்றால்" சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய ஐந்து, எழுதியவனுக்கே விளங்காது. உன் சிக்கல் எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லையா?

ஆறு வருடமாக அது நிற்காமல் ஓடுகிறது. எத்தனை குடும்பம் அதன் வழியாகக் கல்வீட்டுக்குப் போனது என்று லோறன்சிடமே கேள். அந்த வேலையைக் காட்டித்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. ஓடுகிற எஞ்சினை நடுக்கடலில் கழற்றுகிறவனை எங்கள் யாகப்பர் மாமா என்ன சொல்லித் திட்டுவார் என்று உனக்குத் தெரியும். நீ ஓரிடத்தில் பிழை விட்டால் யாரோ ஒரு கிழவியின் வீடு போய்விடும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

இப்போதைக்குச் சம்மதம் இல்லை. வேறு வேலைகளைப் பார். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணா
சாந்தரூபன்


மன்னார்
2017 பங்குனி 10

அன்புள்ள அண்ணா,

இருமல் போனதில் சந்தோசம். கோபம் வந்ததில் அதைவிடச் சந்தோசம், பதிலாவது வந்ததே.

நீங்கள் சொன்னது சரி. எண் எழுத்தின் அழகைச் சொல்லாது. எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். அதனால் இன்னொன்று செய்தேன். ஆறு வருடத்துப் பழைய பிரதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். நீங்கள் கொடுத்த அன்று சிக்கல் எண் ஒன்பது. ஒன்பது, அண்ணா! மிச்சம் எழுபத்தெட்டும் நீங்கள் போன பிறகு மற்றவர்கள் சொருகியவை. ஏன் சொருகினார்கள் என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதியிருக்கிறார்கள். "பாதர் சொன்னவர்." "தலைவரின்ர ஆக்கள், விடவும்." "இவ சத்தம் போடுவா."

கந்தோருக்கு வந்து மேசையில் அடித்துக் கதைக்கத் தெரிந்தவருக்கு ஒரு "என்றால்" கிடைத்திருக்கிறது. தெரியாதவர் பட்டியலிலிருந்து விழுந்திருக்கிறார். ஏன் விழுந்தேன் என்று கேட்டால் "கொம்பியூட்டர் சொல்லுது" என்று அனுப்பிவிடுகிறார்கள். எண்பத்தேழு பாதைக்குள் யார் எந்த இடத்தில் விழுந்தார் என்று யாராலும் காட்ட முடியாது. அதுதான் அவர்களுக்கு வசதி. எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

போன வருடம் நாற்பத்துமூன்று குடும்பம் விழுந்தது. கையால் பின்தொடர்ந்து பார்த்தேன். எல்லாம் ஒரே வரியில் விழுகின்றன. "இரண்டு தரம் பார்க்கப் போனபோதும் பூட்டிக் கிடந்தால் ஆளில்லை." கந்தோர் ஆட்கள் பார்க்கப் போவது ஆனியிலும் ஆவணியிலும், மழைக்கு முன்னர் ஜீப் போகும் என்பதால். அது சோழகக் காற்று அடிக்கிற காலம். எங்கள் பக்கத்துக் கடலில் தொழில் செய்ய முடியாது. எங்கள் ஊர் விடத்தல்தீவில் எத்தனையோ குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், ஓலைக் கொட்டிலாக வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டு ஐப்பசியில்தான் திரும்பும். உங்களுக்குத் தெரியாததா?

அந்த வரி நீங்கள் எழுதிய ஒன்பதுக்குள்ளேயே இருக்கிறது, அண்ணா.

விழுந்தவர்களில் ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். மார்கழி முதல் கிழமை பட்டியலை மூடிவிடுவார்கள், அதோடு வீட்டுத்திட்டமும் முடிந்தது. எஞ்சின் கதை சொன்னீர்கள். நான் கரையில் வைத்துத்தான் கழற்றுவேன். பழைய குடும்பங்கள் எல்லோரையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்து, ஒரே விடை வந்த பிறகுதான் மாற்றுவேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உடம்பைப் பாருங்கள்.

ஜெனிஸ்ரா


மன்னார்
2017 சித்திரை 23

அன்புள்ள அண்ணா,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், ஒரு கிழமை பிந்தி. கோழிக்கறி வைத்தோம். அம்மா உங்கள் பங்கையும் எனக்கே போட்டார்.

பதில் வரவில்லை. தபால் பிந்தியிருக்கலாம் என்று லோறன்ஸ் சொல்கிறார். சொல்லும்போது சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெனிஸ்ரா


விடத்தல்தீவு
2017 வைகாசி 14

மடு மாதா காவல்.

அன்பு மகன் சாந்தரூபனுக்கு அம்மா மக்டலின் எழுதுவது. நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் பரவாயில்லை. சோழகம் எழும்பிவிட்டது. நாளை மறுநாள் யாகப்பரின் ஆட்களோடு கருவாடு போட வாடிக்குப் போகிறேன். போகுமுன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கச்சி சொல்ல வேண்டாம் என்றவள். தெரிந்தால் கோபம் வரும், வரட்டும்.

வீட்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை. போன வருடமே வெட்டிப்போட்டார்கள். நான் இங்கே குடியிருக்கவில்லையாம். இந்தியாவிலிருந்து வந்த நாள் தொடக்கம் இந்தத் தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்து வேகிறது நான் இல்லையாம், வேறு யாரோவாம்.

லோறன்ஸ் என்னைத் தேடி வந்தான். கதிரை இல்லை, வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருத்தினேன்.

"அக்கா, உங்கட மகள் ஒரு வரி எழுதினால் போதும், மக்டலின் எண்டால் விடு எண்டு. பத்து நிமிச வேலை. அவ மாட்டன் எண்டு நிக்கிறா. இல்லாட்டி இந்த வருசம் ஆனியிலயும் ஆவணியிலயும் நீங்கள் வீட்டில இருங்கோ."

"வீட்டில இருந்தால் எனக்குச் சோறு ஆர் போடுறது? உங்கட கொம்பியூட்டரோ?" என்று கேட்டேன். அவன் எழும்பிப் போய்விட்டான்.

மகளிடமும் கேட்டேன். "பெத்த தாய்க்கு ஒரு வரி எழுதமாட்டியோடி?" என்றேன். "மாட்டன் அம்மா" என்றாள், முகத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு நான் அவளோடு கதைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அவள்மேல் பெரிய கோபம்.

நீ மூத்தவன். ஒன்றில் அவளுக்குப் புத்தி சொல்லு, இல்லாவிட்டால் அவள் கேட்கிறதைக் கொடு. சும்மா மட்டும் இருக்காதே. சின்ன வயதில் நீயும் என்னோடு வாடியில் கருவாட்டுக்குக் காகம் கலைத்த பிள்ளைதான். வாடிக்குப் போகிறது என்றால் என்னவென்று உனக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அம்மா


பேர்கன்
2017 ஆனி 11

ஜெனிஸ்ரா,

அம்மாவின் கடிதம் கிடைத்தது. இதை எனக்கு மறைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

அந்த ஒரு வரியை உடனே போடு. எண்பத்தேழு எண்பத்தெட்டு ஆனால் வானம் இடிந்து விழாது. முதலில் அம்மாவின் தலைக்கு மேல் கூரை வரட்டும். விதி, சிக்கல், அளவு எல்லாவற்றுக்கும் பிறகு சண்டை பிடிக்கலாம். அம்மா இனி எத்தனை மாரிக்கு அந்தக் கொட்டிலில் இருப்பார் என்று யோசித்தாயா? உன் கொள்கைக்கு அவர் வெயிலில் காய வேண்டுமா?

"ஒன்பதுக்குள்ளேயே இருக்கிறது" என்று நீ எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

போட்டதும் அறிவி.

சாந்தரூபன்


மன்னார்
2017 ஆனி 28

அன்புள்ள அண்ணா,

நீங்கள் என் நலம் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், சுகம். அம்மா வாடியில். யாகப்பர் மாமா ஒரு நாள் போன் எடுத்தார், அம்மா போனை வாங்கவில்லை.

வரியைப் போடமாட்டேன்.

மறைத்தது உண்மை. அம்மா என்று சொன்னால் நீங்கள் இதைத்தான் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கை வராமல் நான் நிற்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அந்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். பிறகு அழித்தேன். "இவ சத்தம் போடுவா" என்று ஒருவர் குறிப்பு எழுதியிருக்கிறாரே, அதற்குக் கீழே "இவ என்ர அம்மா" என்று நானும் எழுதவா?

நாற்பத்துமூன்றில் ஒன்று குறையும். மிச்சம் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் கந்தோரில் மகள் இல்லை, அண்ணா.

வானம் இடியாது என்கிறீர்கள். எழுபத்தெட்டுத் தரமும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சொருகியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் ஆளுக்கு ஒரு சின்னக் கதவு திறந்துகொண்டு போனதால்தான் பெரிய கதவு மூடிக் கிடப்பதை யாரும் கேட்கவில்லை. அந்த எண்பத்தெட்டாவது கதவு நம் அம்மாவின் பெயரில் திறக்காது. கந்தோர்க்காரர் கேட்டாலும் சரி, நீங்கள் கேட்டாலும் சரி, அம்மா ஒரு வருடம் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி.

எனக்கு உங்கள் புத்திமதி வேண்டாம். கையெழுத்து வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஜெனிஸ்ரா


முல்லைத்தீவுக் கரை, யாகப்பர் வாடி
2017 ஆடி 9

மடு மாதா காவல்.

அன்பு மகனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே மீன் நல்ல பாடு. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கருவாட்டுக்கு அதுதான் வேண்டும்.

போன கடிதத்தில் தங்கச்சிக்குப் புத்தி சொல்லச் சொன்னேன். அதை விட்டுவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வாடியில் என்னோடு பாய் விரித்துக் கருவாடு போடுகிறவர்கள் எடித்தும் பெற்றிசியாவும் இன்னும் கொஞ்சப் பேரும். எல்லோரும் பட்டியலில் வெட்டுப்பட்டவர்கள்தான். எடித் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவள், புருசன் இல்லை. நேற்று மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "மக்டலின் அக்கா, உங்கட மகள் கந்தோரில இருக்கிறபடியால் உங்களுக்குக் கிடைச்சிடும், என்ன?" பொறாமையில் கேட்கவில்லை, மகன். சந்தோசமாகக் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"என்ர மகள் எனக்கு ஒரு வரியும் எழுதமாட்டாளாம்" என்றேன். எடித் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப எங்கள் எல்லாருக்கும் எழுதுவாளோ?" என்றாள். நான் அடுத்த மீனை எடுத்து வெட்டினேன்.

இவர்களுக்கு இல்லாமல் எனக்கு மட்டும் வீடு வந்தால் அடுத்த சோழகத்தில் இந்தப் பாயில் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? யாகப்பரின் போனை வாங்கி மகளோடு கதைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு இருவரும் லோறன்சைத் திட்டினோம்.

அவள் உன்னிடம் காசு கேட்கவில்லை, ஒரு கையெழுத்துத்தான் கேட்டவள். அந்தப் புரோகிராம் நீ எழுதியது, நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்கு விளங்குகிறது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். போட்டு அனுப்பு.

அம்மா


பேர்கன்
2017 ஆடி 30

அன்புத் தங்கச்சி,

நலம் அறிய ஆவல் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், சுகமாக இருக்கிறாயா?

கேட்டது இதோடு இருக்கிறது. நிலையத்தின் தெரிவுக் குழுவுக்கு நான் எழுதியதை நீயும் வாசிக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். "தெரிவுப் பகுதியைக் குலைத்து எழுத ஜெனிஸ்ராவுக்கு முழுச் சம்மதம் தருகிறேன். இனிமேல் ஆள் பெயருக்கோ ஊர்ப் பெயருக்கோ அதில் ஒரு வரியும் சேர்க்கக்கூடாது. என் தாய் மக்டலினின் பெயருக்கும் சேர்க்கக்கூடாது. இதற்கு உடன்படாவிட்டால் சம்மதம் இல்லை."

லோறன்ஸ் ஐந்தாறு தரம் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை.

 அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடு.

அண்ணா


மன்னார்
2017 புரட்டாதி 24

அன்புள்ள அண்ணா,

எண்ணெய் வாங்கி யாகப்பர் மாமாவிடம் கொடுத்து விட்டேன். அம்மா அதைத் தடவுகிறாரோ எடித்துக்குக் கொடுக்கிறாரோ தெரியாது. நீங்கள் சுகம்தானே?

வேலை முடிந்தது. முதலில் பழைய குடும்பங்கள் எல்லோரையும் பழைய மென்பொருளில் ஓட்டி விடைகளை எடுத்து வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்தேன். ஒவ்வொரு தரமும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு குடும்பம் மாறினாலும் கை வைத்ததை அப்படியே திருப்பி எடுத்துவிட்டேன். சொருகிய பெயர்களை விதிக்குள்ளிருந்து உருவி வெளியே தனியாக வைத்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எழுபத்தெட்டில் முக்கால்வாசி பூட்டுக்காக வாங்கிய விலக்கு! எல்லோருக்கும் ஒரே நோய், ஆளுக்கொரு மருந்து வாங்கியிருக்கிறார்கள்.

சிக்கல் எண் இப்போது ஏழு. விடைகள் அச்சொட்டாகப் பழையபடியே.

ஓம், பழையபடியே. நாற்பத்துமூன்று குடும்பமும் விழுந்துதான் கிடக்கிறது, அம்மாவும் சேர்த்து. குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். "இவ்வளவு நாள் மினக்கெட்டு அதே பட்டியலைத்தானே பிள்ளை தந்திருக்கிறீர்?" என்று லோறன்ஸ் கேட்டார். "ஓம், ஆனால் இப்ப வாசிக்கலாம்" என்றேன்.

ஒன்றைக் கழித்தால் வருகிற ஆறு கேள்வியையும் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து வெளிச் சுவரில் ஒட்டினேன். நாலாவது கேள்வி பூட்டு. இந்தியாவிலிருந்து வந்த ஒரு ஐயா நின்று உரத்து வாசித்தார். அவரைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. கழற்றச் சொல்லி லோறன்ஸ் கத்தினார். கழற்றமாட்டேன் என்றேன். அவரே கழற்றினார். மறுநாள் திரும்ப ஒட்டினேன். ஒரு பிரதி விடத்தல்தீவுக் கோயில் மதிலிலும் ஒட்டியிருக்கிறது.

வாடிச் சனம் அடுத்த கிழமை திரும்புகிறது.

ஜெனிஸ்ரா


விடத்தல்தீவு
2017 ஐப்பசி 22

மடு மாதா காவல்.

அன்பு மகனுக்கும் மருமகளுக்கும்,

நான் நல்ல சுகம். இந்த வருடம் இவ்வளவு சுகமாக நான் இருந்ததே இல்லை. ஏன் என்று கேள்.

வாடியால் வந்து பூசைக்குப் போனால் மதிலில் தங்கச்சியின் கடதாசி. எடித் வாசித்தாள். "பூட்டிக் கிடந்தால் ஆளில்லை." திரும்பவும் வாசித்தாள். பெற்றிசியா கேட்டாள், "அப்ப சோழகத்தில வீட்டைத் திறந்துபோட்டுப் போறதோ?" இத்தனை வருடம் எங்களுக்கு ஏன் வீடு இல்லை என்று கேட்டுத் திரிந்தோம், மகன். இவ்வளவுதான் காரணம் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தோம். 

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் எல்லோரும் மன்னாருக்குப் போனோம். ஆளுக்கொரு பூட்டு, அவரவர் வீட்டுப் பூட்டு. கந்தோர் திறக்க முன்னரே போய்க் கேற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் போட்டுப் பூட்டினோம். திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு எதிர்ப்பக்க மரத்தடியில் இருந்தோம்.

தங்கச்சி வேலைக்கு வந்தாள். பூட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தெரியாத ஆள் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். பிறகு லோறன்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

"என்ன அக்கா இது? திறங்கோ!"

எடித் எழும்பிப் போய்ச் சொன்னாள், "நாங்கள் கந்தோரைப் பாக்க வந்தனாங்கள். பூட்டிக் கிடக்குது. ஆளில்லை எண்டு எழுதப்போறம்."

"நான் இங்கதானே வேலை செய்யிறன், எல்லாருக்கும் தெரியுமே!"

நான் சொன்னேன், "எங்களையும் ஊரில எல்லாருக்கும் தெரியும். உங்கட ஆள் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை, பூட்டைத்தான் பாத்தவர். நாங்களும் பூட்டைத்தான் பாப்பம். பின்னேரம் ரெண்டாந்தரம் பாக்க வருவம். அப்பவும் பூட்டிக் கிடந்தால், நீங்கள் இஞ்ச இல்லை."

பொலிசுக்கு எடுப்பேன் என்றான். எடு என்றோம். வீதியால் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். ஒருவர் எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அவன் வெயிலுக்குள் அங்குமிங்கும் நடந்தான், போனில் கதைத்தான், திரும்ப நடந்தான். வீட்டுக்கு வெளியே நிற்கிறது என்றால் என்னவென்று அவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும். மத்தியானம் குழு ஆட்கள் வந்து அந்த விதியைத் திரும்பப் பார்ப்பதாக எழுத்தில் தந்தார்கள். எழுத்தில் தந்த பிறகுதான் திறந்தோம்.

மகளுக்கு என்ன நடக்குமோ தெரியாது. அவள் பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே.

அம்மா


மன்னார்
2017 கார்த்திகை 26

அன்புள்ள அண்ணா,

உங்கள் போன் வந்தது. அம்மாவும் நீங்களும் அவ்வளவு நேரம் என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்த பிறகு அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டார்.

விதி மாறிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தால் இனி அதோடு விடமாட்டார்கள். அந்தக் குடும்பம் தொழிலுக்குப் போயிருக்கிறதா என்று மீனவர் சங்கத்திடம் கேட்க வேண்டும். ஓம் என்றால் குடியிருக்கிறார்கள் என்றே கணக்கு. புதிய விதியில் எல்லோரையும் ஓட்டினேன். நாற்பத்துமூன்றில் முப்பத்தெட்டுக் குடும்பம் உள்ளே வந்துவிட்டது. எடித் வந்தாள், பெற்றிசியா வந்தாள், அம்மாவும் வந்தார். மிச்சம் ஐந்து குடும்பமும் உண்மையாகவே இங்கே இல்லை. தனியாக எடுத்து வைத்த பெயர்களில் பெரும்பாலானவை தேவையில்லாமல் போயின. அழித்துவிட்டேன். மிச்சப் பெயர்கள் வெளியே தனியாகவே கிடக்கின்றன.

எனக்கு மார்கழியோடு வேலை முடிகிறது. ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்களாம். லோறன்ஸ் கடிதத்தைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்குப் பிறகு யார் வந்தாலும் ஒரு பகலில் வாசித்து முடித்துவிடலாம். யாராவது அதில் ஒரு பெயரைச் சொருகினால் வாசிக்கிறவருக்கு உடனே தெரியும்.

கடைசிக் கூட்டத்தில் ஒருவர் பகிடி விட்டார், சிக்கலைக் குறைக்க வந்த பிள்ளை ஏழை எட்டாக்கிவிட்டது என்று. ஓம், எட்டுத்தான். சனத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கூடியிருக்கிறது. அதற்காக நான் தலை குனிய மாட்டேன்.

அப்போதுதான் லோறன்ஸ் எழும்பினார். நீங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எல்லோர் முன்னாலும் கேட்டார், "அந்தப் பூட்டு வரியை முதலில எழுதினது உம்மட அண்ணர்தானே?"

"ஓம்" என்றேன். "எங்கட வீட்டு ஆள்தான் எழுதினது. அதனாலதான் எங்கட வீட்டுக்கு மட்டும் எண்டு நான் திருத்தேல்லை."

அன்புடன்
உங்கள் தங்கச்சி
ஜெனிஸ்ரா